குறிப்பும் கைப்பக்குவமும்

ஒளிப்படத்தைப் பிழைப்பாகக் கொள்ளாமல், அலுவலகம் முடிந்த மாலைகளிலும் விடுமுறை நாட்களிலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையும் ஆர்வலர், தாம் கற்றறிந்த நுட்பங்களைக் கேட்பவர்க்கெல்லாம் சொல்லிக்கொடுப்பதும், தம் கையால் அச்சிட்ட படங்களையும் அவற்றைக் கொண்டு செய்த வாழ்த்து அட்டைகளையும் சட்டமிட்ட சுவர்ப்படங்களையும் சிறு சந்தைகளில் பரப்பி விற்பதும் இன்று பல ஊர்களில் காணக்கூடியவை. இத்தகையவரைப் பற்றி ஒளிப்படத் துறையினரிடையேயும் கலை பற்றி எழுதுவோரிடையேயும் வேரூன்றிவிட்ட கருத்து ஒன்று உண்டு. தொழில் நுணுக்கத்தை இலவசமாக வாரி இறைப்பவர் தொழிலின் மதிப்பையே கெடுக்கிறார் என்பது அதன் முதற்பகுதி. கேமரா என்னும் எந்திரம் உருவாக்கிய படத்தைக் கைவினை என்று சொல்லி விற்பது வாங்குபவரை ஏமாற்றுவதற்குச் சமம் என்பது இரண்டாம் பகுதி. விருப்பத்துக்காகச் செய்ததை விலைக்கு விற்கத் தொடங்கியவர் விருப்பத்தையும் இழந்து, தொழில்முறைத் தேர்ச்சியையும் எட்டாமல், இரண்டுங்கெட்டானாக நிற்கிறார் என்பது மூன்றாம் பகுதி.

இம்மூன்றையும் ஒருவரே சொல்வதில்லை. முதலாவது ஸ்டூடியோ நடத்துபவர்களின் மனக்குறை. இரண்டாவது கோட்பாட்டாளர்களின் முடிவு. மூன்றாவது பெரும்பாலும் ஆர்வலரின் நண்பர்களும் உறவினர்களுமே கூறும் அறிவுரை. ஆயினும் மூன்றுக்கும் அடியில் கிடக்கும் எண்ணம் ஒன்றுதான். ஒளிப்படத்தில் இருப்பதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி மட்டுமே, அச்செய்தி கிடைத்துவிட்டால் எவரும் அதே படத்தை ஆக்கிவிடலாம், கைக்கு அதில் வேலையில்லை என்பதே அந்த எண்ணம். ஒளிப்படத்தின் வரலாற்றையும் அதன் அன்றாட வேலையையும் சற்று நெருங்கிப் பார்த்தாலே இந்த அடிப்படை ஆட்டங்கண்டுவிடும் என்பதால், மறுப்பையும் அங்கிருந்தே தொடங்குவது பொருத்தம்.

தமிழில் இதற்கு ஆயத்தமாக ஒரு சொல் இருக்கிறது. கைப்பக்குவம் என்று சமையலறையில் சொல்லப்படுவது, பொருள்களின் பட்டியலிலும் அளவுகளிலும் அடங்காமல் சமைப்பவரின் கையில் தங்கிவிடும் அறிவைக் குறிக்கிறது. எஸ். மீனாட்சி அம்மாள் தம் வீட்டுச் சமையல் முறைகளை ஒளிவுமறைவின்றி எழுதி, ‘சமைத்துப் பார்’ என்ற நூலாக 1951-இல் வெளியிட்டபோது, புளிக்குழம்பின் செய்முறை அச்சேறிவிட்டதால் உணவு விடுதிகள் மூடப்படும் என்று எவரும் அஞ்சவில்லை. அதே நூலைப் பார்த்துச் சமைத்த இரண்டு வீடுகளின் குழம்பு ஒரே சுவையில் அமையாது என்பதும் எல்லாரும் அறிந்ததே. அடுப்படியில் இவ்வளவு தெளிவாக விளங்கும் செய்தி கேமராவுக்கு முன்னால் மட்டும் ஏன் மறந்துபோகிறது என்பது வியப்புக்குரியது. எந்திரம் ஒன்று இடையில் நிற்பதால் கை கண்ணில் படாமல் போகிறது போலும்.

நுட்பத்தைப் பகிர்ந்தால் தொழில் கெடும் என்னும் வாதத்தை ஒளிப்படத்தின் பிறப்பே பொய்யாக்குகிறது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் உருவத்தைப் பதிக்கும் முறையைக் கண்டறிந்த லூயி டாகேரிடமிருந்து பிரெஞ்சு அரசு அதைப் பெற்று, டாகேருக்கும் அவருடைய மறைந்த கூட்டாளி நியெப்ஸின் மகனுக்கும் ஆயுட்கால ஓய்வூதியம் அளித்து, 1839 ஆகஸ்ட் 19 அன்று செய்முறை முழுவதையும் உலகறிய வெளியிட்டது. அதற்கு ஐந்து நாட்களுக்கு முன்பு இங்கிலாந்தில் மட்டும் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டிருந்தது என்பது ஒரு வேடிக்கை. இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டோ காகிதத்தில் எதிர்மம் எடுத்து, அதாவது ஒளி நிழலாகவும் நிழல் ஒளியாகவும் மாறித் தெரியும் மூலப்படம் ஒன்றை எடுத்து, அதிலிருந்து எத்தனை படிகள் வேண்டுமானாலும் அச்சிடும் ‘காலோடைப்’ முறைக்கு 1841-இல் காப்புரிமை பெற்று, அதைப் பயன்படுத்த விரும்பியவர்களிடம் கட்டணம் கேட்டார்.

அதன் பின்னர் நடந்ததை ஒரு சோதனைச்சாலைப் பரிசோதனைக்கு ஒப்பிடலாம். டால்பட்டின் காப்புரிமை ஸ்காட்லாந்துக்குச் செல்லுபடியாகவில்லை. எடின்பரோவில் டேவிட் ஆக்டேவியஸ் ஹில் என்ற ஓவியரும் ராபர்ட் ஆடம்சன் என்ற இளைஞரும் 1843 முதல் நான்கு ஆண்டுகளுக்கும் சற்று மேலாக இணைந்து உழைத்து, ஏறத்தாழ 3,000 படங்களை எடுத்தார்கள். நியூஹேவன் மீனவர்களையும் மீனவப் பெண்களையும் அவர்கள் எடுத்த படங்கள் இன்றும் உருவப்படக் கலையின் உயர்ந்த எடுத்துக்காட்டுகளாகப் போற்றப்படுகின்றன. காப்புரிமை நடைமுறையில் இருந்த இங்கிலாந்தில் அதே காலத்தில் அதே முறை தேங்கிக் கிடந்தது. நெருக்குதல் தாளாமல் டால்பட் 1852-இல் தம் உரிமையைப் பெரும்பாலும் விட்டுக்கொடுத்தார். மீதியையும் 1854 டிசம்பரில் ஒரு வழக்கில் ஜூரிகளின் தீர்ப்பு செல்லாக்காசாக்கியது. அறிவு பூட்டிவைக்கப்பட்ட இடத்தில் தொழிலும் வளரவில்லை, கலையும் வளரவில்லை. திறந்திருந்த இடத்தில் இரண்டுமே வளர்ந்தன.

எதிர்த்தரப்பினர் இவ்விடத்தில் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சரின் பெயரைச் சொல்லக்கூடும், சொல்வதும் நியாயமே. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்னும் பிசுபிசுப்பான கரைசலைப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே படமெடுத்துக் கழுவும் முறையைக் கண்டறிந்த இந்தச் சிற்பி, 1851 மார்ச்சில் அதை ஒரு வேதியியல் இதழில் காப்புரிமை எதுவுமின்றி வெளியிட்டார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு உலகின் ஸ்டூடியோக்கள் அனைத்தும் அதன் மேல்தான் நின்றன. ஆர்ச்சரோ 1857-இல் வறுமையில் இறந்தார். அவர் குடும்பத்துக்குப் பிறகு நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது. கொடுத்தவர் கெட்டார் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று கிடைக்காது. ஆனால் அது எதைச் சான்றளிக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பகிர்ந்ததால் தொழில் கெட்டது என்பதே மறுக்கப்படும் கருத்து. ஆர்ச்சரின் கதையில் தொழில் செழித்தது, தொழிலால் செழித்தவர்கள் அவரைக் கைவிட்டார்கள். அந்த நன்றிகேட்டின் பழியைக் கொடுத்தவரின் தலையில் சுமத்துவது முறையாகாது.

இதே தலைமுறையைச் சேர்ந்த ஜான் ஹெர்ஷல் இன்னும் பெருந்தன்மையானவர். ஸ்டூடியோ இருட்டறைகளில் ‘ஹைப்போ’ என்று அழைக்கப்பட்டுவந்த உப்பு, ஒளிபடாத வெள்ளிச் சேர்மங்களைக் கரைத்துப் படத்தை நிலைப்படுத்தும் என்பதை 1839-இல் எடுத்துக்காட்டி, அதை டால்பட்டுக்கே சொல்லிக்கொடுத்தவர் இந்த வானியலாளர்தான். அவர் 1842-இல் கண்டறிந்த சயனோடைப் என்னும் நீல அச்சு முறைக்கும் காப்புரிமை கோரவில்லை. அவருடைய நண்பரின் மகளான அன்னா அட்கின்ஸ் அம்முறையைக் கற்று, கடற்பாசிகளை நேரடியாகத் தாளின்மேல் வைத்துப் பதித்து, 1843 முதல் பத்தாண்டுகள் உழைத்துக் கையாலேயே உருவாக்கிய தொகுதிகள், ஒளிப்படங்களைக் கொண்ட முதல் நூலாகக் கருதப்படுகின்றன. அட்கின்ஸ் அவற்றைப் பெரும்பாலும் அறிஞர்களுக்கும் நிறுவனங்களுக்கும் அன்பளிப்பாகவே கொடுத்தார். பொறியாளர்களின் மேசைமேல் ‘புளூபிரிண்ட்’ என்ற பெயரில் நெடுங்காலம் கிடந்ததும் இதே நீல அச்சுதான்.

இன்று கையால் அச்சிட்டு விற்கும் ஆர்வலர்களில் பலர் எடுத்துக்கொள்வதும் இம்முறையே என்பதால், கைப்பக்குவம் எங்கே தங்குகிறது என்பதை இதைக் கொண்டே பார்க்கலாம். செய்முறை நான்கு வரியில் அடங்கிவிடும். ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட் என்ற இரும்புச் சேர்மம் 25 கிராமை 100 மி.லி. நீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை மற்றொரு 100 மி.லி. நீரிலும் தனித்தனியாகக் கரைத்து, வேண்டும்போது சம அளவில் கலந்து, மங்கிய விளக்கொளியில் தாளில் பூசி உலரவிட வேண்டும். கணினியில் எதிர்மமாக்கிய படத்தை ஓ.எச்.பி. ஷீட்டில் அச்சிட்டு, அதைத் தாளின்மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்ட வேண்டும். பிறகு தண்ணீரில் அலசினால் ஒளிபடாத இடத்து மஞ்சள் கரைந்தோட, ஒளிபட்ட இடத்தில் நீலம் நிற்கும். இவ்வளவுதான் ரகசியம், ஹெர்ஷல் காலத்திலிருந்து எவரும் மறைத்துவைக்காத ரகசியம்.

இந்த நான்கு வரியைக் கையில் வைத்துக்கொண்டு முதன்முறை அச்சிடுபவரின் தாள் பெரும்பாலும் வீணாகும். தூரிகையின் முடியைப் பிடித்திருக்கும் தகரப்பூண் கரைசலில் பட்டால் தாளில் நீலப்புள்ளிகள் தெறிக்கும் என்பது செய்முறையில் இல்லை; அது தெரிந்தவர்கள் பஞ்சால் பூசுவார்கள் அல்லது பூண் இல்லாத தூரிகை தேடுவார்கள். சித்திரை வெயிலில் சில நிமிடங்களில் முடியும் பதிவு ஐப்பசி மப்பில் அரை மணி தாண்டினாலும் முடியாது. எப்போது எடுப்பது என்பதைக் கடிகாரம் சொல்லாது, ஓரத்துப் பூச்சு நீலத்தைத் தாண்டிச் சாம்பல் கலந்த வெண்கல நிறத்துக்குத் திரும்பியதா என்று பார்க்கும் கண்தான் சொல்லும். காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் பூச்சு உலர்ந்ததுபோலத் தோன்றி உள்ளே நமத்துக் கிடக்கும். அந்த நிலையில் ஷீட்டை வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். நீல அச்சுக்குக் காரத்தன்மை பகை என்பதால், உப்புக் கரித்த போர் தண்ணீரில் அலசிய படம் கண்ணெதிரிலேயே வெளிறத் தொடங்கும். முதல் அலசலில் சிறிது எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்ப்பவர்கள் அதைத் தடுத்துவிடுகிறார்கள். சுண்ணாம்புச் சேர்மம் கலந்து தயாரிக்கப்படும் உயர்தர ஓவியத் தாள்களிலும் இதே தொல்லை உண்டு. விலையுயர்ந்த தாளில் படம் சோர்ந்தும் மலிவான தாளில் துலங்கியும் அமைவதைக் கண்டு குழம்பாத புதியவர் இல்லை.

மேலே சொன்னவையும் குறிப்புகள்தானே, அவற்றையும் எழுதிவிட்டால் கைக்கு என்ன மிச்சம் என்று கேட்கலாம். எலுமிச்சையைச் சொல்லலாம், எத்தனை துளி என்பது அந்தந்தத் தெருவின் தண்ணீரைப் பொறுத்தது. வெண்கல நிறத்தைச் சொல்லலாம்; அது எந்த வெண்கலம் என்பதை இருபது தாள் வீணாக்கியவரின் கண் மட்டுமே அறியும். சொல்லப்பட்ட ஒவ்வொரு குறிப்பும் சொல்ல முடியாத ஒன்றின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. எனவே குறிப்பைக் கொடுத்தவர் தம் கடையின் சரக்கைக் கொடுத்துவிட்டதாக எண்ணுவது தவறு. உண்மையில் அவர் வாங்குபவரை உருவாக்குகிறார். தாமே ஒருமுறை முயன்று, நீலம் திட்டுத்திட்டாகப் படிந்த தாளைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் சந்தையில் தொங்கும் சீரான அச்சின் அருமை தெரியும். அவர் விலையைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை.

இனி இரண்டாம் வாதம். எந்திரம் செய்த படத்தில் கைவினை ஏது என்ற ஐயம் ஒளிப்படத்தின் வயதையொத்தது என்றாலும், அதற்குக் கோட்பாட்டு வலிமை தந்தவர் வால்டர் பென்யமின். எந்திரப் படியாக்கக் காலத்துக் கலையைப் பற்றி அவர் 1930-களின் நடுவில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஒரே எதிர்மத்திலிருந்து எண்ணற்ற படிகள் எடுக்கலாம் என்பதால் அவற்றுள் எது அசல் என்று கேட்பதற்கே பொருளில்லை என்று வாதிட்டார். திரைப்படத்துக்கும் செய்தித்தாளுக்கும் அது பொருந்தியது. கையால் அச்சிடுபவரின் அறைக்குள் நுழைந்து பார்த்திருந்தால் அவரே தம் சொல்லைச் சற்றுத் திருத்தியிருக்கக்கூடும். ஒரே எதிர்மத்திலிருந்து பிறந்த இரண்டு நீல அச்சுகள் உடன்பிறந்தவர்களைப் போல ஒத்திருக்குமே தவிர ஒன்றாகிவிடா. அச்சுக்கூடத்தில் 1,00,000 படி ஓடும் சுவரொட்டிக்கும், ஒரு பகல் முழுதும் வெயிலைத் துரத்தி எடுத்த ஆறு படிகளுக்கும் ஒரே இலக்கணம் சொல்வது தத்துவத்தின் சோம்பல்.

எதிர்மத்திலேயே கை புகுந்திருப்பதற்குத் தமிழ்நாட்டின் முதல் பெரும் ஒளிப்படத் தொகுதிகளே சாட்சி. சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த லின்னேயஸ் டிரைப், விடுப்பில் இங்கிலாந்து சென்றிருந்தபோது ஒளிப்படத்தைக் கற்றுக்கொண்டு, திரும்பிய பின் 1854-இல் ஹளேபீடு, பேளூர்க் கோயில்களைத் தம் சொந்த விருப்பத்தில் படமெடுத்து, 1855-இல் சென்னையில் நடந்த பொருட்காட்சியில் வைத்தார். ஆர்வலராகத் தொடங்கிய அவரைப் பின்னர் சென்னை மாகாண அரசே ஒளிப்படப் பணிக்கு அமர்த்தியது. மதுரை, திருவரங்கம், தஞ்சாவூர் முதலிய இடங்களில் அவர் மெழுகிட்ட காகித எதிர்மங்களில் எடுத்த படங்கள் 1858-இல் தொகுதிகளாக வெளிவந்தன; தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டு வரிகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு அவர் அமைத்த நெடும்படம் அவற்றுள் தனிச்சிறப்புடையது. அக்காலத்துப் பூச்சுகள் நீல ஒளியை அளவுக்கு மீறி உள்வாங்கியதால் வானம் வெற்று வெள்ளையாகவே பதியும். டிரைப் எதிர்மத்தின்மேல் நிறமி கொண்டு மேகங்களைத் தீட்டினார். கோபுரத்தை லென்ஸ் தந்தது, வானத்தைத் தூரிகை தந்தது. இதை எந்திரப் படம் என்பதா, கைவினை என்பதா? பிற்காலத்து ஸ்டூடியோக்களில் கூரிய பென்சிலால் நெகட்டிவில் முகத்தின் பருவையும் வடுவையும் ‘டச்சப்’ செய்துகொண்டும், கறுப்பு வெள்ளைப் படத்தின் பட்டுச்சேலைக்குப் பச்சை வண்ணம் ஏற்றிக்கொண்டும் இருந்தவர்கள் டிரைப்பின் வழித்தோன்றல்களே. ஸ்டூடியோக்காரர்களே இன்று கைவினை என்ற சொல்லைக் கண்டு நகைப்பது தம் முன்னோரையே நகைப்பதாகும்.

விலைக்கு விற்றால் விருப்பம் கெடும் என்ற மூன்றாம் வாதம் மூன்றில் மிகவும் கௌரவமாகத் தோற்றமளிப்பது, அதனாலேயே ஆபத்தானது. ‘அமெச்சூர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு நேசிப்பவர் என்பதே வேர்ப்பொருள். அந்நேசம் காசைத் தொட்டவுடன் கறைபடும் என்பது, காசுக்குக் கவலையில்லாத வீடுகளில் பிறந்த எண்ணம். 1863-ஆம் ஆண்டு இறுதியில், 48-ஆம் வயதில், மகளிடமிருந்து பரிசாக ஒரு கேமராவைப் பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன், வைட் தீவில் தம் வீட்டுக் கோழிக்கூண்டைக் கண்ணாடி அறையாக மாற்றிக்கொண்டு படமெடுக்கத் தொடங்கினார். அவர் படங்களின் குவியம் தளர்ந்திருக்கிறது, தகடுகளில் கறையும் விரல்ரேகையும் தெரிகின்றன என்று ஒளிப்படச் சங்கத்தார் ஏளனம் செய்தார்கள். அவரோ சற்றும் அசராமல் நூற்றுக்கணக்கான படங்களுக்குப் பதிப்புரிமை பதிவுசெய்து, லண்டனின் பெயர்பெற்ற கோல்நாகி கலைப்பொருள் கடை வழியாக விற்றார்; இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் என வழங்கும் நிறுவனம் 1865-இலேயே அவரிடம் படங்களை வாங்கியது.

கேமரனுக்குப் பணம் தேவைப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவர் கணவரின் இலங்கைக் காப்பித் தோட்டங்கள் எதிர்பார்த்த வருவாயைத் தரவில்லை. குடும்பம் 1875-இல் இலங்கைக்கே குடிபெயர்ந்தது. அங்கும் அவர் தோட்டத்தில் உழைத்தவர்களையும் ஊர்மக்களையும் படமெடுத்தார். 1879-இல் மலைநாட்டில் இறந்து, போகவந்தலாவையின் சிறிய தேவாலயத்தில் கணவரோடு அடக்கமானார். விற்பனை அவருடைய நேசத்தைக் கெடுத்திருந்தால், ஏளனம் செய்தவர்களுக்கு அஞ்சியோ வாங்குபவர்களுக்கு ஏற்பவோ குவியத்தை இறுக்கியிருப்பார். அவர் அதைச் செய்யவில்லை. விருப்பத்துக்கு மாறாக எடுத்துத் தரச் சொல்லும் வாடிக்கையாளரிடமிருந்து விடுதலை பெற்றவர் என்பதே ஆர்வலரின் பலம். தம் விருப்பத்துக்கு எடுத்ததை விரும்பி வாங்குபவரிடம் விற்பதால் அப்பலம் குறைவதில்லை. எந்த நேசத்தை விலை கெடுக்கும் என்றால், விலைக்காகத் தொடங்கியதை நேசமென்று சொல்லிக்கொண்ட ஒன்றை மட்டுமே கெடுக்கும்.

தொழில்முறை ஒளிப்படக்காரர்களின் குறையை இவ்வளவில் தள்ளிவிடுவது நேர்மையாகாது. திருமண முகூர்த்தம் ஒன்றுக்கு இரண்டு கேமராக்கள், உதவியாளர், விளக்குகள், ஆல்பச் செலவு, மறுநாள் முழுவதும் கணினி வேலை என்று கணக்கிட்டு விலை சொல்பவரிடம், மாப்பிள்ளையின் நண்பர் நல்ல கேமரா வைத்திருக்கிறார், சாப்பாடு போட்டால் போதும் என்கிறார் என்று பெண் வீட்டார் சொல்லும்போது அவர் மனம் எரிவதில் நியாயம் உண்டு. பெயர் போட்டால் போதும் என்று இலவசமாகப் படம் கொடுத்துப் பழக்கிய ஆர்வலர்களால் பத்திரிகைப் படங்களின் ஊதியம் தேய்ந்ததும் கண்கூடு. ஆனால் இது கூலிச்சந்தையில் நடக்கும் விலைவெட்டு. பிறருடைய வேலையை ஏற்று அடக்கவிலைக்கும் கீழே செய்துகொடுப்பதால் வரும் கேடு. தாம் எடுத்த நெல்வயலை நீல அச்சாக்கிச் சந்தையில் விற்பவர் எவருடைய முகூர்த்தத்தையும் பறிக்கவில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதால், உண்மையான குற்றவாளி தப்பிவிடுகிறார்.

கைவினை விற்கும் ஆர்வலரிடம் குறையே இல்லை என்றும் கொள்ள வேண்டியதில்லை. அவருடைய பெருங்குறை கணக்கில் இருக்கிறது. தாளுக்கும் மருந்துக்கும் சட்டத்துக்கும் ஆன செலவைக் கூட்டி, அதன்மேல் கொஞ்சம் வைத்து விலை சொல்லிவிட்டு, வீணான தாள்களையும் செலவான பகல்களையும் கணக்கில் சேர்க்காமல் விடுபவர்களே மிகுதி. பத்துத் தாளில் நான்கு வீணானால் அந்த நான்கின் விலையும் மற்ற ஆறின் தலையில்தான் ஏற வேண்டும் என்பதைக் காய்கறி விற்பவர் அறிவார், கலைஞர் அறியாதிருக்கிறார். அவ்வாறு குறைத்து விற்பது தமக்கும் கேடு, அதே சந்தையில் அதே வேலையால் உண்டு வாழும் பிறருக்கும் கேடு. இது திருத்தக்கூடிய கூட்டல் பிழை. இதைக் காட்டி அவரைச் சந்தையைவிட்டே விரட்டுவது பொருந்தாது.

பகிரப்படும் குறிப்புகள் எல்லாப் படங்களையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகின்றன என்ற குற்றச்சாட்டு மேற்சொன்ன மூன்றிலும் சேராத, ஆனால் அவற்றைவிடக் கூர்மையான ஒன்று. அருவி எல்லாம் பாலாக வழிகின்றன, உருவம் எல்லாம் சட்டத்தின் மூன்றில் ஒரு பங்குக் கோட்டில் போய் நிற்கின்றன, பின்னணி எல்லாம் மங்கிக் கரைகின்றன. இதில் உண்மை இருக்கிறது. ஆயினும் குறிப்புகளுள் இரு வகை உண்டு என்பதைப் பிரித்தறிய வேண்டும். மேகமற்ற வெயிலில் லென்ஸின் திறப்பை எஃப் 16 என்ற சிறிய அளவில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 100 ஆனால் ஷட்டரை ஏறத்தாழ நொடியில் நூற்றில் ஒரு பங்கு திறந்தால் போதும் என்பது ஒளியின் இயல்பைச் சொல்லும் குறிப்பு. ஃபிலிம் காலத்தில் இதைச் சூரியன், மேகம் ஆகியவற்றின் சிறு படங்களோடு ஃபிலிம் பெட்டியிலேயே அச்சிட்டுக் கொடுத்தார்கள். ஃபிலிம் விற்றவரே குறிப்பையும் பகிர்ந்தார், விற்பனை கூடியது. இந்தக் குறிப்பு எவருடைய படத்தையும் எவருடையதைப் போலவும் ஆக்குவதில்லை. உருவத்தை எங்கே நிறுத்துவது என்று விதிக்கும் குறிப்போ ஒருவருடைய சுவையை மற்றவர் தலையில் ஏற்றுகிறது. கண்டிக்க வேண்டியது பின்னதை. அதிலும்கூட, கையால் அச்சிடுபவர் சலிப்பூட்டும் சட்டங்களுக்குள் நெடுநாள் இருப்பதில்லை. தாளும் வெயிலும் அவரை அவருடைய வழிக்கு இழுத்துவிடுகின்றன.

பகிர்தல், விற்றல், கைவேலை ஆகிய மூன்றும் ஒருவரிடமே கூடியிருந்ததற்கு அன்செல் ஆடம்ஸின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. சான் பிரான்சிஸ்கோவில் பியானோ பயின்ற இவர், 1916-இல், 14-ஆம் வயதில், யோசெமிட்டி மலைப்பள்ளத்தாக்கில் கோடக் பெட்டிக் கேமரா ஒன்றோடு தொடங்கியவர். இசையே தம் தொழிலாகும் என்று எண்ணியிருந்த காலத்திலேயே, 1927-இல், கையால் அச்சிட்ட 18 மலைக்காட்சிகளை ஒரு தொகுதியாக்கி 50 டாலருக்கு விற்றார். வெளிச்சத்தின் படிகளைக் கருமை முதல் வெண்மை வரை 11 மண்டலங்களாகப் பிரித்து, எந்தப் பொருள் எந்த மண்டலத்தில் விழ வேண்டும் என்பதைப் படமெடுக்கும் முன்பே தீர்மானிக்கும் ‘மண்டல முறை’யை 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஃபிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து வகுத்து, அதை வகுப்புகளிலும் நூல்களிலும் விரித்துரைத்தார். (இந்த ஆர்ச்சர் கொலோடியன் ஆர்ச்சர் அல்லர், பெயரொற்றுமை தற்செயல்.)

நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின்மேல் நிலவெழும் காட்சியை அவர் 1941 நவம்பர் 1 அன்று எடுத்தார். கல்லறைச் சிலுவைகளின்மேல் கடைசி வெயில் மறைந்துகொண்டிருந்த அவசரத்தில் ஒளிமானி கைக்குக் கிடைக்காததால், நிலவின் வெளிச்சம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்று நினைவிலிருந்த எண்ணைக் கொண்டே கணக்கிட்டு, அடர்மஞ்சள் வடிகட்டியோடு எஃப் 32-இல் ஒரு நொடி திறந்ததாக அவரே எழுதியிருக்கிறார். எதிர்மத்தின் கீழ்ப்பகுதி மெலிந்திருந்ததால் 1948-இல் அப்பகுதியை மட்டும் மருந்தில் வலுவூட்டினார். தொடக்க கால அச்சுகளில் வானத்தில் மேகத் திரைகள் வெளிறித் தெரிகின்றன. 1970-களின் அச்சுகளில் அதே வானம் மையிருட்டாக இருக்கிறது. எதிர்மத்தை இசைக்குறிப்புக்கும் அச்சைக் கச்சேரிக்கும் ஒப்பிட்ட இந்தப் பழைய பியானோ மாணவர், ஒரே குறிப்பை முப்பதாண்டுகள் வெவ்வேறு விதமாக வாசித்தார். பென்யமினின் கேள்வியை இவ்வச்சுகளின் முன் வைத்தால், எது அசல் என்பது மட்டுமன்றி, எத்தனை அசல் என்றே கேட்க வேண்டியிருக்கும்.

அச்சு கேட்டு வந்த வேண்டுகோள்கள் பெருகியதால், 1975 முடிவோடு புதியவற்றை ஏற்பதில்லை என்று ஆடம்ஸ் அறிவித்தார். கெடுவுக்குள் வந்து குவிந்தவற்றை முடித்துக் கொடுக்கவே ஆண்டுகள் பிடித்தன. இருட்டறையில் எந்தப் பகுதியை மறைத்து எந்தப் பகுதிக்குக் கூடுதல் ஒளி தர வேண்டும் என்பதை விளக்கும் அவருடைய ‘தி பிரிண்ட்’ நூலின் புதிய பதிப்பு 1983-இல் வந்தது. அதே ஆண்டில் வெளியான மற்றொரு நூலில் தம் நாற்பது படங்கள் உருவான விதத்தை ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். ஹெர்னாண்டஸ் நிலவும் அவற்றுள் ஒன்று. மறுஆண்டு இறந்தார். 2006-இல் நியூயார்க்கின் சோத்பிஸ் ஏலத்தில் அந்நிலவின் கையச்சு ஒன்று 6,09,600 டாலருக்குப் போனது. அதை எடுத்த விதத்தையும் அச்சிட்ட விதத்தையும் சொல்லும் அந்த இரண்டு நூல்களும் அப்போது சாதாரணப் புத்தகக் கடைகளில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தன.